ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே: ராட்சத சாலமாண்டர்களும் மேற்குச் சென்னையின் கால்வாய்களும்

ஜப்பானின் மேற்கு ஹொன்ஷு மலைகளில் ஆகஸ்ட் மாதம் முடியும் தறுவாயில், ஒன்றரை மீட்டர் வரை வளரக்கூடிய ஒரு நீர்வாழ் விலங்கு ஓடையை எதிர்த்து மேலேறத் தொடங்கும். ஆண் விலங்கு கரையோரப் பொந்து ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். பெண் அதில் நானூறு, ஐந்நூறு முட்டைகளை இட்டுச் செல்லும். முட்டை பொரியும் வரையிலும், பொரிந்த பின்னும் பல மாதங்கள் ஆணே காவல் இருக்கும். இந்த ராட்சத சாலமாண்டரை ஜப்பான் அரசு 1952இல் சிறப்பு இயற்கை நினைவுச்சின்னம் என்று அறிவித்தது. பிடிப்பதும் கொல்வதும் குற்றமாயின. ஆனால் அதன் பிறகு வந்த பத்தாண்டுகளில், வெள்ளத் தடுப்பு என்ற பெயரில் ஓடைக் கரைகள் கான்கிரீட்டால் பூசப்பட்டன, பொந்துகள் மூடிப்போயின. நெல்வயலுக்கு நீர் திருப்பக் கட்டிய குட்டையான தடுப்பணைகளை ஏற முடியாமல் விலங்குகள் அவற்றின் அடியிலேயே தேங்கின. விலங்கைத் தொடக் கூடாது என்று சொன்ன சட்டம், அது வாழ்ந்த ஓடையை உருமாற்றுவதைத் தடுக்கவில்லை. தடுப்பணைகளின் ஓரத்தில் சாய்தளங்களும் கரைகளில் செயற்கைப் பொந்துகளும் அமைக்கும் வேலை பின்னாளில்தான் தொடங்கியது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து நீர்நிலைகளைப் பற்றிப் பேச இவ்வளவு தொலைவு போக வேண்டுமா? வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலை. ஓடையை நம்பி வாழும் இந்த விலங்குகளை மீட்க ஜப்பானிலும் சீனாவிலும் அமெரிக்காவிலும் நடந்த முயற்சிகள் ஒரு கேள்வியைத் தெளிவாக்கியுள்ளன: பாதுகாப்பின் அலகு எது? மேற்குச் சென்னையில் அந்த அலகு 'ஏரி' என்று நாம் முடிவு செய்துவிட்டோம். ஏரிகளை எண்ணுகிறோம், தூர்வாருகிறோம், வேலி போடுகிறோம். அவற்றை உயிருள்ளவையாக வைத்திருந்த வரத்துக் கால்வாய்களும் போக்குக் கால்வாய்களும் அந்தக் கணக்கில் சேர்வதே இல்லை.

ராட்சத சாலமாண்டர் குடும்பம் மிகச் சிறியது. ஜப்பானிய இனமும் சீன இனங்களும் ஆசியாவில் இருக்கின்றன. ஹெல்பெண்டர் என்ற வட அமெரிக்க இனம் சுமார் 70 சென்டிமீட்டர் நீளம் வளரும். இவற்றுக்கு நுரையீரல் உண்டு என்றாலும், ஹெல்பெண்டருக்குத் தேவையான ஆக்சிஜனில் பெரும்பங்கு அதன் தோல் வழியாகவே செல்கிறது. விலாப்புறத்தில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தோல் நீருடன் உரசும் பரப்பைக் கூட்டுகிறது. ஆகவே குளிர்ந்த, ஓடும், ஆக்சிஜன் மிகுந்த நீர் இதற்கு வேண்டும். பகலில் ஒளிய அகன்ற தட்டைக் கல்லும், குஞ்சுகள் பதுங்கக் கூழாங்கற்களுக்கு இடையே சந்துகளும் வேண்டும். மேல்நிலத்தில் காடு அழிந்து மண் அரித்து வந்தால் முதலில் அடைபடுவது அந்தச் சந்துகள்தான். அப்போது ஓடையில் நீர் இருக்கும், கல் இருக்கும், முதிர்ந்த விலங்குகளும் இருக்கும். இளையவை மட்டும் இரா.

இந்தக் கடைசிச் செய்தி நுணுக்கமானது. ஹெல்பெண்டர் முப்பது ஆண்டு வரை வாழும். ஓர் ஓடையில் இனப்பெருக்கம் நின்ற பிறகும் பல ஆண்டுகளுக்கு அங்கே பெரிய விலங்குகள் தென்பட்டுக்கொண்டே இருக்கும். இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாகவே தோன்றியது. வயதை அளந்தவர்கள்தான் அபாயத்தைக் கண்டார்கள். மிசூரி, ஆர்கன்சா மாநிலங்களின் ஓசார்க் வகை 2011இல் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சி சாலை அதைக் காப்பிடத்தில் முதன்முறையாக இனப்பெருக்கம் செய்ய வைத்தது. வளர்த்த குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் ஆறுகளில் விடப்பட்டன. ஆனாலும் ஆற்றுப்படுகை மேம்படாமல் அந்தத் திட்டம் தன் காலில் நிற்க முடியாது.

சீனா இதன் கசப்பான மறுமுனை. அங்கே பண்ணைகளில் ராட்சத சாலமாண்டர்கள் பெருமளவில் வளர்க்கப்படுகின்றன. 2013 முதல் 2016 வரை 97 வட்டாரங்களில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. இயற்கை ஓடைகளில் கிடைத்தவை நான்கு இடங்களில் வெறும் 24 விலங்குகள். அவையும் பண்ணையிலிருந்து வந்தவையாக இருக்கக்கூடும் என்றனர் ஆய்வாளர்கள். ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது உண்மையில் பல இனங்கள் என்பதும் மரபணு ஆய்வில் தெரிந்தது. எந்த ஆற்றின் விலங்கு என்று பாராமல் பண்ணைக் குஞ்சுகளை ஓடைகளில் விட்டதால், மிச்சமிருந்த தனி மரபுகளும் கலந்துபோகும் நிலை வந்துவிட்டது.

இந்தியாவில் ராட்சத சாலமாண்டர் இல்லை. டார்ஜிலிங் மலைகளில் ஒரு சிறிய இமாலய சாலமாண்டர் உண்டு. மழைக்காலத்தில் அது தேங்கிய குட்டைகளுக்கு வந்து முட்டையிடும். அங்குள்ள ஜோர்போக்ரி சரணாலயம் அதன் பேரால் அறியப்படுவது. தமிழ்நாட்டின் இருவாழ்விகள் தவளை, தேரை, மண்ணுக்குள் வாழும் காலற்ற சிசிலியன்கள் ஆகியவை மட்டுமே. எனவே கூவம் கரையில் சாலமாண்டரைத் தேடுவதில் பொருளில்லை. மேலே கண்ட மூன்று அனுபவங்களும் எழுப்பும் கேள்விகளைத்தான் இங்கே தேட வேண்டும்: வழி அடைபட்டதா, படுகை மாறியதா, இருப்பை மட்டும் பார்த்து ஏமாறுகிறோமா?

மேற்குச் சென்னை சரிவு மிகக் குறைந்த சமவெளி. மேற்கே விழும் மழை கிழக்கே கடலுக்குப் போகும் வழியில் அதை ஏரி ஏரியாக நிறுத்திவைத்தது தொண்டை மண்டலத்து ஏற்பாடு. மேல் ஏரி நிரம்பினால் நீர் கலங்கலில் வழியும். போக்குக் கால்வாயில் இறங்கும். அதுவே அடுத்த ஏரிக்கு வரத்துக் கால்வாய். அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் செல்வது இந்தச் சங்கிலியின் ஒரு துண்டு. தெற்கே கூவம் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே திருவேற்காடு வழியாகப் போகிறது. அதற்கும் மேற்கே ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் கூவத்து நீர் பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கத்துக்குத் திருப்பப்படுகிறது. இது இயற்கையா செயற்கையா என்று பிரித்துப் பார்ப்பது பயனற்ற வேலை. பல நூறு ஆண்டுகள் மீனும் தவளையும் ஆமையும் மனிதரும் சேர்ந்து பழகிய நீர்வழி இது.

கால்வாயைக் காத்தது யார்? ஆயக்கட்டு. ஏரிப் பாசனத்தில் பயிர் செய்தவர்களுக்கு வரத்துக் கால்வாய் அடைபட்டால் நெல் இல்லை. நீர்க்கட்டிகள் மதகைப் பார்த்துக்கொண்டார்கள். குடிமராமத்தில் ஊரே மண்வெட்டியுடன் இறங்கியது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வளர்ந்தது. வயல் மனையானது. ஏரி கண்ணுக்குத் தெரியும் பரப்பாதலால் எஞ்சியது. ஆயக்கட்டு போனதும் கால்வாய்க்கு உரியவர்கள் இல்லாமல் போனார்கள். வருவாய்த் துறையின் புலப்படத்தில் அது இன்னும் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று கோடாக இருக்கும். தரையில் அந்தக் கோட்டின் மேல் சாலை, மதில், வண்டி நிறுத்துமிடம்.

சட்டத்தின் பார்வையும் இதற்குத் துணைபோகிறது. 2017 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட ஈரநிலங்கள் (பாதுகாப்பு, மேலாண்மை) விதிகள், ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து ஆற்று வழித்தடங்களை விலக்குகின்றன. நெல்வயல்களையும், குடிநீருக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும், பாசனத்துக்கான கட்டமைப்புகளையும் விலக்குகின்றன. இவ்வரையறையைச் செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் மேல் வைத்துப் பார்த்தால் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். உச்ச நீதிமன்றம் 2017இல் காக்கச் சொன்ன 2,01,503 ஈரநிலங்களும் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவை. சில மீட்டர் அகலமுள்ள கால்வாய் அந்தச் சல்லடையில் எப்படி நிற்கும்? மாநிலத்தில் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் பெயரிலும் முதலிடம் ஏரிக்கே.

பொறுப்பும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஏரி நீர்வளத் துறைக்கு. மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு. நில அளவை வருவாய்த் துறைக்கு. கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. ஒரே கால்வாய் ஒரு கிலோமீட்டருக்குள் இவர்கள் அனைவரின் எல்லையையும் கடந்துவிடும். கொரட்டூர் ஏரிக்குள் கழிவுநீர் புகுவதை எதிர்த்து அவ்வூர் மக்கள் இயக்கம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போராட நேர்ந்ததன் வேர் இங்கேதான் இருக்கிறது. மழைநீரைக் கொண்டுவர வேண்டிய வழிதான் சாக்கடையையும் கொண்டுவந்தது. ஏரிக்குள் எத்தனை முறை தூர்வாரினாலும் அந்த வழி மாறாது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. சாலமாண்டர் ஓடைகள் ஆண்டு முழுதும் ஓடும் குளிர்ந்த மலை நீர். மேற்குச் சென்னையின் கால்வாய்கள் வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்கள் ஓடி, பிறகு காய்ந்து கிடப்பவை. இரண்டையும் ஒப்பிடலாமா?

காலம் குறைவாக இருப்பதுதான் வாதத்தை வலுப்படுத்துகிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆற்றில் ஒரு மாதம் தவறினால் விலங்குக்கு மறு வாய்ப்பு உண்டு. இங்கே முதல் பெருமழைக்குப் பின் ஆண் பெருந்தவளைகள் மஞ்சள் நிறம் பூண்டு ஆழமற்ற நீரில் கத்தத் தொடங்கும். முட்டை, தலைப்பிரட்டை, குட்டித் தவளை என்ற பயணம் அந்த நீர் வற்றுவதற்குள் முடிந்தாக வேண்டும். அதற்கு ஏற்ற இடம் ஆழமான ஏரி நடு இல்லை. பெரிய மீன்கள் எட்டாத நீர்ப்பிடிப்பு ஓரச் சரிவும், கால்வாயின் பக்கவாட்டுப் பள்ளங்களும்தான். கெளுத்தியும் விராலும் புதுவெள்ளத்தை எதிர்த்து மேலேறி, நீர் பரவிய ஆழமற்ற பகுதிகளுக்குப் போய் முட்டையிடுபவை. பால் ஆமை சேற்றில் புதைந்து கோடையைக் கழித்து, மழையோடு வெளியே வரும். இவை எல்லாவற்றுக்கும் ஏரி என்பது வழியில் ஒரு தங்குமிடம். மீதி வாழ்க்கை கால்வாயிலும் கரையிலும் இருக்கிறது.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் நம் 'புனரமைப்பு' எதைச் சாதிக்கிறது என்பதை மறுபடி அளக்க வேண்டியிருக்கிறது. ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரி, சுமார் 87 ஏக்கர், 2019இல் நடைபாதையும் படகுத் துறையுமாகப் பசுமைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அந்த நிலம் ஆக்கிரமிப்புக்குப் போகாமல் மக்கள் கண்காணிப்பில் இருப்பது பெரிய ஆதாயம். மாலையில் அங்கே நடக்கும் குடும்பங்களே அந்த ஏரிக்குக் காவல். இத்தகைய பூங்காக்களுக்கு இக்கட்டுரை எதிரானது இல்லை. ஆனால் எந்த ஏரியிலும் கரையைச் செங்குத்தாக்கிக் கல் பதித்து, நடுவைக் கிண்ணமாக ஆழப்படுத்தினால், ஆழமற்ற ஓரம் மறைகிறது. ஜப்பானில் கரைப்பொந்து மறைந்தது இப்படித்தான்.

நீர் இருப்பை மட்டும் பார்த்து ஏமாறுவதும் இங்கே உண்டு. மழையை மட்டும் நம்பிய ஏரி மே மாதத்தில் சுருங்கி, படுகை வெடித்து, மண் காற்றாட வேண்டும். கோடை உச்சத்திலும் ஒரு புறநகர் ஏரி ததும்பி நின்றால் அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் விடை வீடுகளின் கழிவுநீர். ஆகாயத்தாமரை அதில் செழிக்கும். ஜிலேபி மீன் பெருகும். மீன் இருக்கிறது, பறவை வருகிறது என்று படமெடுப்பவர்களும் மகிழ்வார்கள். ஓசார்க் ஓடைகளின் முதிய ஹெல்பெண்டர்கள் ஆய்வாளர்களைப் பல ஆண்டுகள் ஏமாற்றியதற்கும் இதற்கும் வேறுபாடு குறைவு.

வெள்ளத்தைக் காட்டிக் கான்கிரீட் வடிகாலை நியாயப்படுத்தும் வாதம் இன்னும் கனமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை நீரில் மூழ்கியது. சிறு பட்டறைக்காரர்கள் இயந்திரங்களை இழந்தார்கள். அவர்களிடம் தவளையைப் பற்றிப் பேசுவது பொறுப்பற்றதாகத் தோன்றலாம். ஆனால் புலப்படத்தில் இருக்கும் அகலம் தரையில் இல்லாமல் போனதே பட்டறைக்கும் தவளைக்கும் பொதுவான இழப்பு. நெரிசலான இடங்களில் பக்கச் சுவர் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அடித்தளத்தையும் பூசி, மேலே பலகை போட்டு மூடுவதற்கு அந்தக் காரணம் பொருந்தாது. மூடிய வடிகாலில் அடைப்பு வெளியே தெரியாது. கழிவுநீர் இணைப்பும் தெரியாது.

கால்வாயைக் காக்க அரசுக்குத் திறன் இல்லை என்றும் சொல்ல முடியாது. பூண்டியிலிருந்து புழலுக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் செல்லும் இணைப்புக் கால்வாய்கள் இதே வட்டாரத்தின் ஊடாகத்தான் போகின்றன. நகரின் குடிநீர் அவற்றில் ஓடுவதால் அவற்றுக்கு எல்லை உண்டு, பராமரிப்பு உண்டு, கேள்வி கேட்க அதிகாரியும் உண்டு. சில கிலோமீட்டர் ஏரிக் கால்வாய்க்கு அது கிடைக்காமல் போவது முன்னுரிமை சார்ந்த முடிவு, அதை மாற்றலாம்.

மாற்றத்தைத் தொடங்க அம்பத்தூர்–கொரட்டூர்–ரெட்டேரிச் சங்கிலி பொருத்தமானது. வெள்ளமும் கழிவும் வழக்கும் அங்கே ஏற்கெனவே பதிவாகியுள்ளன. முதலில் புலப்படங்களைக் கொண்டு கால்வாயின் முழு அகலத்தையும் அளந்து கல் நட வேண்டும். அதை மூன்று ஏரிகளோடும் சேர்த்து ஒரே அலகாக நீர்வளத் துறையின் ஒரு பொறியாளர் பொறுப்பில் வைக்க வேண்டும். மாநில ஈரநில ஆணையம் அந்த அலகுக்குத் தனி அறிவிப்பு தருவதற்கான வழியை ஆராய வேண்டும். மத்திய விதிகள் விலக்கியதை மாநிலம் தன் சட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். கலங்கல்களைப் பழுதுபார்க்கும்போது ஓரத்தில் ஒரு கரடுமுரடான கற்சரிவு சேர்த்தால் கெளுத்தி ஏறும், செலவும் சொற்பம். அளவீட்டுக்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை பெய்த இரவுகளில் கால்வாய் நெடுகத் தவளைக் குரல்களையும், சில வாரம் கழித்துக் குட்டித் தவளைகளையும் கணக்கெடுக்கலாம். குரல் இருந்து குட்டி இல்லையென்றால், எந்த இடத்தில் நீர் கெட்டது என்பதை மேலும் கீழும் நடந்து பார்த்தே கண்டுபிடிக்கலாம். சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் இதை மாணவர்களின் களப்பணியாக எடுத்துக்கொண்டால் இரண்டு, மூன்று பருவமழைகளில் ஒப்பிடத்தக்க தரவு சேரும். கணக்கெடுப்புக்கு முன் எந்த ஏரியிலும் மீன் குஞ்சு விடாமல் இருப்பது சீன அனுபவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முன்னெச்சரிக்கை.