மருத்துவ இரகசியம் காத்தல்

மருத்துவ இரகசியம் காத்தல் என்பது, சிகிச்சையின்போது ஒரு நோயாளியைப் பற்றி அறிந்துகொண்ட செய்திகளை அவருடைய ஒப்புதல் இன்றி மருத்துவரோ பிற மருத்துவப் பணியாளரோ வெளியிடாதிருக்கும் கடமை ஆகும். நோயின் பெயர், சோதனை முடிவுகள், உட்கொள்ளும் மருந்துகள், நோயாளி கூறிய குடும்பச் செய்திகள் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இக்கடமை வலுவானதாயினும் வரம்பற்றதன்று. வேறொருவரின் உயிருக்கு ஊறு நேரக்கூடிய நிலையில் இரகசியத்தை எதுவரை காப்பது என்பது மருத்துவ அறவியலின் கடினமான வினாக்களுள் ஒன்றாகும்.

அடிப்படை

தன்னைப் பற்றிய செய்தி வெளியே போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் நோயாளி உண்மையைக் கூறுவார். பால்வினை நோய், மனநோய், மதுப் பழக்கம் போன்றவற்றை மறைப்பவருக்குச் சரியான சிகிச்சை அளிக்க இயலாது. அவர் அச்சத்தால் மருத்துவமனைக்கே வராவிட்டால் தொற்றுநோய் பிறருக்கும் பரவும். எனவே இரகசியம் காத்தல் பொதுநலத்துக்கும் துணைசெய்கிறது.

வரலாறு

பண்டைய கிரேக்கத்தின் இப்போக்கிரட்டீசு உறுதிமொழியிலேயே இக்கடமை இடம்பெற்றுள்ளது. உலக மருத்துவச் சங்கம் 1948இல் ஏற்றுக்கொண்ட ஜெனீவா பிரகடனமும் இதை வலியுறுத்தியது. நோயாளி இறந்த பின்னரும் இக்கடமை தொடரும் என்பது 1968இல் அதில் சேர்க்கப்பட்டது.

இந்தியாவில் விதிகள்

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, மருத்துவர் நோயாளியின் இரகசியத்தைப் பின்வரும் நிலைகளில் மட்டுமே வெளியிடலாம்.

* நீதிபதியின் ஆணையின்பேரில் நீதிமன்றத்தில்
* குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து இருப்பது அறியப்பட்டால்
* அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இருந்தால் (காசநோய் 2012 முதல் இவ்வகையைச் சேர்ந்தது)

வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான உரையாடலுக்குச் சாட்சியச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு மருத்துவருக்கு இல்லை. நீதிமன்றம் ஆணையிட்டால் அவர் விடையளித்தாக வேண்டும்.

எக்ஸ் எதிர் இசட் மருத்துவமனை வழக்கு

நாகாலாந்து அரசுப் பணியிலிருந்த மருத்துவர் ஒருவர், சென்னையில் அறுவைச் சிகிச்சை பெறவிருந்த ஒருவருக்காகக் குருதி வழங்கினார். சோதனையில் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. 1995 டிசம்பரில் நடக்கவிருந்த அவருடைய திருமணம் நின்றுபோனது. செய்தி பரவிச் சமூகத்தால் ஒதுக்கப்பட்டதால் அவர் கோகிமாவை விட்டு வெளியேற நேர்ந்தது. மருத்துவமனை இரகசியத்தை வெளியிட்டுவிட்டது என்று கூறி இழப்பீடு கோரினார்.

1998இல் உச்ச நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை ஏற்கவில்லை. இரகசியத்துக்கான உரிமை முழுமையானதன்று என்றும், மணமகளாக வரவிருந்த பெண்ணுக்கு அரசியலமைப்பின் 21ஆம் பிரிவின்கீழ் நலமாக வாழும் உரிமை உண்டு என்றும், இரண்டும் மோதும்போது பொது ஒழுக்கத்தையும் பொதுநலனையும் வளர்க்கும் உரிமையே நிலைபெறும் என்றும் கூறியது. இத்தகைய தொற்றுடையவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்டது என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இருந்தது. அவ்வழக்கில் திருமண உரிமை பற்றிக் கூறியது தேவையற்றது என 2002இல் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவுபடுத்தியது.

இவ்வழக்கில் இருவேறு செயல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆபத்தில் உள்ளவருக்கு மட்டும் கூறுவது ஒன்று. ஊரறியச் செய்வது மற்றொன்று. முதலாவதற்கான நியாயம் இரண்டாவதற்குப் பொருந்தாது.

பிந்தைய சட்டங்கள்

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்சு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் (நடைமுறை: 2018 செப்டம்பர் 10) இவ்வெளியீட்டுக்கு ஒழுங்குமுறை வகுத்தது. மருத்துவரோ ஆலோசகரோ மட்டுமே துணைவருக்குத் தெரிவிக்கலாம். துணைவருக்குக் கணிசமான ஆபத்து இருக்க வேண்டும். தொற்றுடையவரே கூறும்படி முதலில் அறிவுரை வழங்க வேண்டும். அவர் கூறமாட்டார் என்று உறுதியான பின், தெரிவிக்கப்போவதை அவரிடம் சொல்லிவிட்டே தெரிவிக்க வேண்டும். அதனால் அவர் வன்முறைக்கோ கைவிடப்படுவதற்கோ ஆளாகலாம் என்ற நியாயமான அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்களின் வகையில், தெரிவித்தல் கூடாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கி, பிறரைத் தீங்கிலிருந்து காத்தல் போன்ற சில விதிவிலக்குகளை மட்டும் அனுமதிக்கிறது.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைக் காவல்துறைக்கு அறிவிப்பதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயமாக்கியது. இதற்கு அஞ்சிச் சிறுமியர் தகுதியற்றவர்களிடம் கருக்கலைப்புக்குச் செல்லும் நிலை தவிர்க்கப்பட வேண்டும். எனவே சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அறிவிப்பில் அவளுடைய அடையாளத்தை மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் ஒரு மாணவியைக் கொல்லும் எண்ணத்தைப் பல்கலைக்கழக உளவியலாளரிடம் வெளியிட்ட ஒருவர், 1969இல் அவரைக் கொலை செய்தார். உளவியலாளர் காவலரிடம் கூறியிருந்தும் அம்மாணவி எச்சரிக்கப்படவில்லை. டாராசாஃப் வழக்கு எனப்படும் இதில், ஆபத்துக்கு உள்ளானவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்று 1976இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வெளியிடும் முறை

வெளியிடுவது தவிர்க்க இயலாததாகும்போதும், தேவையான செய்தியை மட்டும், தேவையானவருக்கு மட்டும், இயன்றவரை நோயாளிக்கு முன்னரே தெரிவித்து வெளியிடுவதே பொதுவாக ஏற்கப்பட்ட நெறியாகும்.