காலியிடம் இருந்தால்தானே டிரான்ஸ்பர்!

பி.காம் படித்து பேங்க்கில் குப்பை கொட்டுபவனுக்குப் பீங்கானில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். டெல்லிப் புகையில் பிள்ளை வளர்க்கும் நம் எல்லோருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு.

சிர்கோனியா ஒரு வெள்ளைப் பீங்கான். சுத்தமாக இருந்தால் மின்சாரத்தை லேசில் கடத்தாது. 1890களின் கடைசியில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பேராசிரியர் வால்தர் நெர்ன்ஸ்ட், அதில் எடைக்குச் சுமார் 15 சதவீதம் இட்ரியா கலந்து குச்சி செய்தார். சூடாக்கியதும் மின்சாரம் பாய்ந்து, குச்சி பளீரென்று ஒளிர்ந்தது. அந்த விளக்கின் உரிமையை ஏஇஜி கம்பெனி பத்து லட்சம் மார்க்குக்கு வாங்கியது. 1900 பாரிஸ் கண்காட்சியிலும் அது ஜொலித்தது. ஒரே குறை, முதலில் சூடேற்றினால்தான் எரியும். டங்ஸ்டன் பல்பு வந்ததும் ஆட்டம் குளோஸ்!

ஏன் கடத்தியது? 1943-ல்தான் கார்ல் வாக்னர் விளக்கினார். நம்ம பாஷையில் சொல்கிறேன். சிர்கோனியம் அயனியின் நேர்மின்சுமை 4, இட்ரியத்துக்கு 3. இரண்டு இட்ரியம் உள்ளே உட்கார்ந்தால் கணக்கில் 2 உதைக்கும். டாலி ஆக வேண்டுமே! எதிர்மின்சுமை 2 உள்ள ஓர் ஆக்சிஜன் இடத்தைக் காலி செய்யும். அங்கே பக்கத்து ஆக்சிஜன் தாவும், அது விட்ட இடத்துக்கு இன்னொன்று. எங்கள் டிரான்ஸ்பர் லிஸ்ட் மாதிரியேதான் :-) தாவுவதற்குத் தெம்பு தருவது சூடு.

அப்படியென்றால் இட்ரியாவை அள்ளிக் கொட்டலாமா? கூடாது. அளவு மீறினால் காலியிடங்கள் இட்ரியத்தோடு ஒட்டிக்கொண்டு நகராது. நூறு மூலக்கூறுக்குச் சுமார் 8 இட்ரியா இருந்தால் உச்சம். நெர்ன்ஸ்ட்டின் 15 சதவீத எடையைக் கணக்குப் போட்டால் 9-க்குக் கொஞ்சம் கீழே! காரணம் தெரியாமலே மனிதர் பக்கத்தில் போயிருக்கிறார்.

விளக்கு போனாலும் சரக்கு போகவில்லை. 1976-ல் பாஷ் கம்பெனி இதை வைத்துச் செய்த ஆக்சிஜன் சென்சார் வால்வோ காரில் ஏறியது. ஒரு பக்கம் புகை, மறுபக்கம் காற்று. இரண்டுக்கும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசம் வோல்டேஜாக வரும், அதைப் பார்த்து பெட்ரோல் அளவு மாறும். அந்த வோல்டேஜுக்கான சூத்திரமும் 1889-ல் அதே நெர்ன்ஸ்ட் எழுதியதுதான்! 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு நம் ஸ்கூட்டர்களிலும் இந்த சென்சார் வந்துவிட்டது.

ஆகவே மக்களே, "சென்சாரைக் கழட்டி விட்டுடலாம் சார், செலவு மிச்சம்" என்று மெக்கானிக் சொன்னால் தலையாட்டாதீர்கள். மிச்சமாவது நம் காசு, அந்தப் புகையைக் குடிப்பது நம் பிள்ளைகள்.