நேர்கோடு தவறும் இடம்

காரணம் இருமடங்கானால் விளைவும் இருமடங்காகுமாயின், அத்தொடர்பை நேர்கோட்டுத் தொடர்பு என்பர் கணித நூலார். வானொலி வால்வு சிறிய அலைகளை ஏறக்குறைய இவ்விதிப்படியே பெருக்கும்; அலை வலுக்கும்போது விதி பிறழும். அப்பிறழ்வே நேர்கோடின்மை எனப்படும்.

போர் அணுகிய 1938 ஆம் ஆண்டில், பிரித்தானிய வானொலி ஆராய்ச்சிச் சபை இத்தகைய சமன்பாடுகளை ஆராயக் கணித அறிஞரின் துணையை வேண்டிற்று. கேம்பிரிட்ஜில் மேரி கார்ட்றைற் அம்மையாரும் லிற்றில்வூட்டும் அப்பணியை ஏற்றனர். ஒல்லாந்தரான வான் டெர் போல் வால்வுச் சுற்றுக்கென வகுத்த சமன்பாட்டில், ஒழுங்காக வந்து தாக்கும் விசையும் ஒழுங்கற்ற அசைவைப் பிறப்பிக்கக் கூடும் எனக் கண்டு, 1945 இல் வெளியிட்டனர்.

அன்று அதனைக் கருதியோர் சிலரே. பின்னர் எழுந்த ஒழுங்கின்மைக் கோட்பாட்டுக்கு அது முன்னோடியாயிற்று. குழப்பம் யாவும் கருவியின் பழுதன்று. அதன் இயல்பிலேயே அடங்கியிருத்தலும் உண்டு.