மலைநாட்டுக்கு வானவழி திறந்த புல்தரை

கண்டிக்கு இரயில் வந்தது 1867இல். பயணிகள் விமானம் வந்திறங்கும் ஓடுபாதை மட்டும் இந்நகருக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. சுற்றிலும் மலை, இடையில் கிடைக்கும் சமதரையெல்லாம் வயலும் குடிமனையும். ஆகவே கண்டியின் வானவழிக் கதையை, கொழும்புக்குத் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இரத்மலானையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தலைநகருக்கு எட்டிய தூரத்தில் ஒரு விமானத்தளம் அமைக்க அரசாங்க சபை 1934இல் தீர்மானித்தது. 1935 நவம்பர் 27ஆம் திகதி இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியது. மெட்ராஸ் பிளையிங் கிளப்பின் பிரதம பயிற்சியாளர் டின்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த 'புஸ் மொத்' அது. இறக்கையும் உடலும் இலேசான அந்த ஒற்றை இயந்திர விமானத்துக்குப் புல்தரையே போதுமாக இருந்தது. ஆனால் புல்தளத்தைப் பேணுவது சின்ன வேலையல்ல. புல்லைக் கட்டையாக வெட்டிவைக்க வேண்டும். மேய வரும் மாடுகளைத் துரத்த வேண்டும். மழைநீர் வடிய வழி செய்ய வேண்டும். நிலம் இளகிவிட்டால் சில்லு புதையும். விமானம் மூக்குக் குப்புறக் கவிழும்.

1938 பெப்ரவரி 28ஆம் திகதி டாட்டா நிறுவனத்தின் தபால் விமானம் வந்ததோடு தளம் முறைப்படி இயங்கத் தொடங்கியது. இலண்டனிலிருந்து கராச்சி வரை ஒரு நிறுவனம், அங்கிருந்து கொழும்பு வரை டாட்டா என்பது ஏற்பாடு. கப்பலில் வாரக்கணக்கில் வந்த கடிதம் நாட்கணக்கில் வந்து சேர்ந்தது. இலண்டன் கம்பனிகளின் கடிதத்துக்குக் காத்திருந்த மலைநாட்டுத் தோட்டத்துரைமாருக்கு இது பெரிய மாற்றம்.

பிறகு போர். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையும் தப்பவில்லை. 1944 ஏப்ரலில் நேச நாட்டுப் படைத்தளபதி மௌண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு அருகிலுள்ள பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. அப்போதும் பெரிய விமானங்களுக்குக் கீழ்நாட்டுத் தளங்களே துணை.

1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் 'சீதாதேவி' என்ற டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. நாட்டின் சொந்த விமான சேவை தொடங்கிய நாள் அது. 1960களின் பிற்பகுதியில் சர்வதேசப் போக்குவரத்து கட்டுநாயக்கவுக்கு மாறியது.

கண்டிக்கு வழி கிடைத்தது தண்ணீரில். மகாவலித் திட்டத்தின்கீழ் பொல்கொல்லையில் கட்டிய அணை 1976இல் இயங்கத் தொடங்கியது. சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவளை மின்நிலையத்துக்கு நீரை அனுப்பவே அது கட்டப்பட்டது. தேங்கிய நீர்ப்பரப்பு பின்னாளில் மிதவை விமானங்களுக்கு இறங்குதுறையாகியது. மிதவையும் சில்லும் ஒருங்கே கொண்ட விமானம் கட்டுநாயக்க ஓடுபாதையில் சில்லோடி எழும்பி, பொல்கொல்லையில் மிதவையால் நீரில் இறங்கும். வீதியில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும் பயணம் அரை மணியளவில் முடிந்துவிடும்.

மலையைக் குடைந்து ஓடுபாதை போடுவதைவிட, இருக்கும் நீர்ப்பரப்பைப் பயன்படுத்தியது கண்டிக்குப் பொருந்திய வழி. இந்தக் கதை தொடங்கிய இரத்மலானையில் இன்று விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. கொழும்புக்குச் சுற்றுலா செல்லும் நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் அதையும் காட்ட வேண்டும்.