பேசும் கருவிகள் படுத்த அறை

வில்லா என்று சொன்னால் இப்ப எங்களுக்கு ஞாபகம் வாறது நீச்சல் தடாகமும் வெள்ளைச் சுவரும், ஒரு இரவுக்கு இவ்வளவு காசு என்று போட்ட விளம்பரமும்தான். உரோமர்களின் வில்லா பெரும்பாலும் கமத்தோடு சேர்ந்த வீடு. கி.பி. முதலாம் நூற்றாண்டில் விவசாயம் பற்றி எழுதிய கொலுமெல்லா, வில்லாவை மூன்று பகுதியாகப் பிரிக்கிறார். எசமான் வந்து தங்குவதற்கு ஒன்று. வேலை செய்யும் ஆட்களுக்கும் மாடுகளுக்கும் ஒன்று. வைன், எண்ணெய், தானியம் வைப்பதற்கு ஒன்று.

உரோம வில்லா பற்றிய படப்புத்தகம் ஒன்றைத் திறந்தால் முதலாவது பகுதிதான் பக்கம் பக்கமாக வரும். மொசைக் தரை, சுவரோவியம், குளிக்கிற மண்டபம், தூண்கள் சுற்றி நிற்கிற முற்றம். இரண்டாவது பகுதிக்குப் போய்ப் பார்க்கிற ஆக்கள் குறைவு. நாங்கள் அங்க போவம்.

அந்தப் பகுதியைப் பற்றி எழுத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறது, ஆனால் எழுதினதெல்லாம் காணிச் சொந்தக்காரர். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கேட்டோ எழுதிய விவசாய நூலில், வளவில் விற்றுத் தள்ள வேண்டியவை என்று ஒரு பட்டியல் வருகிறது. கிழட்டு மாடு, பழைய வண்டில், பழைய இரும்புச் சாமான், வயசுபோன அடிமை, நோயாளி அடிமை. எல்லாம் ஒரே வரிசையில். அடிமைக்கு இரண்டு வருசத்துக்கு ஒருக்கா புது உடுப்புக் குடுக்கேக்க பழசைத் திருப்பி வாங்கவேணும், ஒட்டுப்போட்ட போர்வை தைக்க அது உதவும் என்றும் அதே நூல் சொல்கிறது.

கி.மு. 37இல் எழுதிய வர்ரோ இன்னும் ஒழுங்காக வகைப்படுத்துகிறார். கமத்துக்குத் தேவையான கருவிகளைச் சிலர் மூன்றாகப் பிரிப்பார்களாம். பேசும் கருவி, அரைகுறையாகக் குரல் எழுப்பும் கருவி, ஊமைக் கருவி. முதலாவது அடிமைகள், இரண்டாவது மாடுகள், மூன்றாவது வண்டில்கள்.

இதை முதல்முறை வாசிக்கேக்க, கோபக்காரக் கிழவன் ஒருவர் பேனையால் எழுதிய வெறும் வகைப்பாடு என்றுதான் நினைத்தேன். 2021இல் பொம்பேய்க்குப் பக்கத்தில் தோண்டியெடுத்த ஒரு அறையைப் பற்றி வாசித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அந்த இடத்தின் பெயர் சிவிட்டா ஜூலியானா. பொம்பேய் நகர மதிலுக்கு வடமேற்கே கிட்டத்தட்ட 700 மீற்றர் தூரத்தில் இருந்த பெரிய வில்லா. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பேயோடு சேர்ந்து இதுவும் புதைந்தது. 1907–08இல் ஒரு பகுதியைத் தோண்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிவிட்டார்கள். பிறகு திருடர்கள் வந்தார்கள். மண்ணுக்கடியில் சுரங்கம் வெட்டி, சுவர்களை உடைத்துக்கொண்டு, விற்கக்கூடியதை எடுத்துப் போனார்கள். அவர்களின் சுரங்கங்கள் 80 மீற்றருக்கும் மேல் நீண்டிருந்தன. 2017இல் தொல்லியலாளர்கள் அங்கே வேலை தொடங்கினதே இந்தக் கொள்ளையைத் தடுக்கத்தான், அதுவும் அரச வழக்குத்தொடுநர் அலுவலகத்தோடு சேர்ந்து.

முதலில் குதிரை லாயம் ஒன்று வெளிவந்தது, சேணம் பூட்டிய குதிரையோடு. 2021 பெப்ரவரியில் லாயத்துக்கு முன்னால் இருந்த மண்டபத்தில் நாலு சில்லு வண்டில் ஒன்று கிடைத்ததாக அறிவித்தார்கள். வெண்கல அலங்காரம் செய்த, விழாக்களுக்கு ஓடுகிற வண்டில். திருடர்களின் சுரங்கம் அதை உரசாத குறையாகப் போயிருந்தது. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அந்த வண்டிலின் படத்தைப் போட்டன.

அதே வருசம் நவம்பரில், வண்டிலும் லாயமும் இருந்த பக்கத்திலேயே சின்ன அறை ஒன்றைக் காட்டினார்கள். பரப்பளவு 16 சதுர மீற்றர். சுவரில் ஓவியம் எதுவும் இல்லை. வெளிச்சத்துக்கு உயரத்தில் ஒரு குட்டி யன்னல். உள்ளே மூன்று கட்டில்.

மரக்கட்டில் இரண்டாயிரம் வருசம் எப்படி மிஞ்சும் என்று கேட்பீர்கள். மிஞ்சவில்லை. எரிமலைச் சாம்பல் பொருட்களைச் சுற்றி இறுகிவிடும். மரம், கயிறு, துணி எல்லாம் உள்ளே உக்கிப்போக, அவை இருந்த இடம் வெற்றிடமாக நிற்கும். அந்த வெற்றிடத்துக்குள் பிளாஸ்ரரை ஊற்றி, காய்ந்த பிறகு சாம்பலை அகற்றினால் பொருளின் உருவம் வரும். 1863இல் ஜுசெப்பே பியோரெல்லி பொம்பேயில் இறந்தவர்களின் உருவங்களை இப்படித்தான் எடுத்தார். அதே முறையில் இந்த அறையில் கட்டில்கள் வந்தன, கயிற்று வலைப்பின்னலும் போர்வையின் மடிப்பும் கூட வந்தன. மெத்தை இல்லை. கட்டில்களின் கீழே குடமும் சாடியும், இரவில் மூத்திரம் பெய்கிற பானையும் இருந்தன.

இரண்டு கட்டில்கள் 1.70 மீற்றர் நீளம். மூன்றாவது 1.40 மீற்றர். அதில் படுத்தது ஒரு பிள்ளையாக இருக்கலாம், ஒருவேளை இது ஒரு குடும்பத்தின் அறையாக இருக்கலாம் என்கிறார்கள் தோண்டியவர்கள்.

அறையில் இருந்த மற்றச் சாமான்களைப் பாருங்கோ. மூலைகளில் எட்டுப் பெரிய சாடிகள். நடுவில் ஒரு மரப்பெட்டி, அதுக்குள்ளே குதிரைச் சேணத்தின் உலோகத் துண்டுகளும் துணிகளும். ஒரு கட்டிலின் மேல் வண்டிலின் நீட்டுத்தடி, குதிரை பூட்டுகிற அந்தத் தடியேதான், சாத்திக் கிடந்தது. மனிசர் படுக்கிற இடமும் எசமானின் சாமான் வைக்கிற களஞ்சியமும் ஒன்றுதான். பேசும் கருவியும் ஊமைக் கருவியும் ஒரே கூரையின் கீழ், குரல் எழுப்பும் கருவி அடுத்த கதவில். வர்ரோவின் வகைப்பாட்டை யாரோ அப்படியே கட்டி வைத்த மாதிரி.

2023இல் இன்னொரு அறையும் வெளிவந்தது. அங்கே சாடிக்குள்ளும் கட்டிலுக்குக் கீழே இருந்த குவளைக்குள்ளும் எலிகளின் எலும்புகள் இருந்தன. இரும்பு மண்வெட்டி ஒன்றும் கிடைத்தது. ஒரு கட்டில் மிகச் சாதாரணமானது, மற்றது தலைமாட்டுப் பலகைக்குச் சாயம் பூசிய, கொஞ்சம் விலை கூடியது. ஆனால் கதவில் பூட்டோ, ஆட்களைக் கட்டும் சங்கிலியோ கிடைக்கவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் கடைசி விசயம்தான். கொலுமெல்லா சங்கிலி போட்ட அடிமைகளுக்கு நிலத்தடிச் சிறை கட்டச் சொல்கிறார், யன்னல் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கவேணும் என்கிறார். இங்கே அது இல்லை. அப்ப ஏன் இவர்கள் ஓடவில்லை? அகழ்வாளர்கள் இரண்டு கட்டில்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் காட்டுகிறார்கள். அடிமைகளுக்குள்ளேயே ஒருவருக்குக் கொஞ்சம் நல்ல கட்டிலைக் குடுத்து மற்றவர்களைக் கவனிக்க விட்டால் சங்கிலிக்கு அவசியம் குறைவு. குடும்பமாக வாழ விட்டாலும் அப்படித்தான். பிள்ளை படுத்திருக்கிற அறையை விட்டு இரவோடு இரவாக யார் ஓடுவார்?

அதே நேரம், கிடைத்ததை வைத்துக் கதை கட்டுவதிலும் கவனம் வேணும். 2020இல் இதே வில்லாவில் இரண்டு ஆண்களின் உருவங்கள் கிடைத்தன. ஒருவருக்கு 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும், முதுகெலும்பு பாரம் சுமந்து நசுங்கியிருந்தது. மற்றவர் வயதில் கூடியவர், கம்பளி மேலாடையின் தடம் இருந்தது. உடனே செய்திகளில் "எசமானும் அடிமையும்" என்று தலைப்புப் போட்டார்கள். அது நியாயமான ஊகம், ஆனால் ஊகம்தான். நசுங்கிய எலும்பு அவர் சுமந்த பாரத்தைச் சொல்லும். அவரின் பெயரையோ, யாருக்குச் சொந்தமாக இருந்தார் என்பதையோ சொல்லாது.

வெசுவியஸ் வெடித்ததைக் கண்ணால் கண்ட இளைய பிளினி, லோரெண்டும் என்ற இடத்தில் இருந்த தன் வில்லாவைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கடல் தெரிகிற யன்னல், வெயில் படுகிற மூலை என்று அறை அறையாக விபரிக்கிறார். அடிமைகளின் பகுதிக்கு வரும்போது ஒரு வசனம்தான். அதில் பெரும்பாலான அறைகள் விருந்தாளிகளைத் தங்க வைக்கக்கூடிய அளவுக்குத் துப்புரவானவை என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்.

அந்த ஒரு வசனத்தை நம்பி எத்தனையோ நூற்றாண்டு இருந்தோம். பேசும் கருவி என்று பெயர் வைத்தார்கள், ஆனால் கமத்தைப் பற்றி அவர்கள் பேசினது எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் பிளினியின் கடிதத்தை வாசிக்கேக்க சிவிட்டா ஜூலியானாவின் அந்த 16 சதுர மீற்றரையும் பக்கத்தில் வைத்து வாசிக்கவேணும் என்கிறேன். அடுத்தமுறை ஒரு வில்லாவின் மொசைக் தரையைப் படத்தில் பார்த்தால், அதை விடிய விடியக் கூட்டித் துடைத்த ஆள் எந்த அறையில் படுத்தார் என்றும் ஒருக்கா தேடிப் பாருங்கோ. படத்தில் அந்த அறை இருக்காது. வரைபடத்தில் பெயர் போடாத சின்னப் பெட்டிகளில் ஒன்றாக இருக்கும்.