பாலி ஸ்டைல் கூரையும் பின்னி ரோடும்

இன்னைக்கு எபிசோட் ஒரு கூரையைப் பத்தினது.

அடையாறு, தி. நகர், மயிலாப்பூர் பக்கம் சமீப வருஷங்கள்ல திறந்த ரெஸ்டாரன்ட்களைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க. மூங்கில் தடுப்பு, பிரம்புக் கூடை மாதிரி தொங்கும் விளக்கு, புல் வேய்ந்த மாதிரி ஒரு கூரை, பூச்சு பூசாத கல் சுவர், வாசல்ல தண்ணித் தொட்டி, அதுல மிதக்கிற பூ. கேட்டா 'பாலி ஸ்டைல்'னு சொல்வாங்க. அழகாத்தான் இருக்கு. நானும் அங்கே போய் காபி குடிக்கிறவன்தான். ஆனா இந்த ஸ்டைல் எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் படிச்சப்போ, கதையின் ஒரு பகுதி நம்ம அண்ணா சாலைக்குப் பக்கத்துலேயே கிடைச்சது.

முதல்ல ஒரு தட்டு

பாலிக்கும் நமக்கும் தொடர்பு புதுசு இல்லை. பாலியின் வடக்குக் கரையில் செம்பிரான்னு ஒரு ஊர். 1980களின் கடைசியில் இ வாயன் ஆர்திகா என்ற பாலித் தொல்லியலாளர் அங்கே அகழாய்வு செய்தார். கிடைத்தவற்றில் 'ரௌலட்டட்' வகை மண்கலத் துண்டுகளும் இருந்தன. தட்டின் உள்பக்கம் வட்டம் வட்டமாகப் புள்ளி வரிசை பதித்த பாத்திரம் இது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில், 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த அதே வகை. ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முன்னாடியே வங்கக் கடலின் இந்தக் கரையில் புழங்கிய தட்டு, பாலியிலும் யாரோ ஒருத்தர் கையில் இருந்திருக்கு.

அதுக்கப்புறம் சமயம், எழுத்து, கோயில்னு பலதும் போச்சு. போனதை பாலிக்காரர்கள் தங்கள் வழியில் மாத்திக்கிட்டாங்க. அதனால 'எல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான்'னு மார் தட்டுறது சரியா வராது.

'சொர்க்கத் தீவு' எப்படி உருவானது?

நம்ம மனசுல இருக்கிற அமைதியான பாலி ஒரு கட்டமைக்கப்பட்ட படம். 1906 செப்டம்பரில் டச்சுப் படை தெற்கு பாலியில் படுங் அரசைப் பிடிக்க வந்தபோது, அரச குடும்பமும் கூட இருந்தவர்களும் சரணடையாமல் வெள்ளை உடை உடுத்தித் துப்பாக்கிக்கு எதிரே நடந்து போய்ச் செத்தார்கள். இதை 'புபுதான்' என்பார்கள். இந்த ரத்தம் டச்சு அரசுக்கு ஐரோப்பாவில் பெரிய கெட்ட பெயர் வாங்கித் தந்தது. அதன் பிறகுதான் பாலியை 'பாதுகாக்கப்பட வேண்டிய கலாச்சாரம்'னு காட்ட ஆரம்பிச்சாங்க. கப்பல் கம்பெனிகள் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டி வந்தன. 1931-ல் பாரிஸில் நடந்த காலனியக் கண்காட்சியில் பாலி நடனம் மேடை ஏறியது.

சுதந்திர இந்தோனேசியாவில் 1966-ல் சனூர் கடற்கரையில் பாலி பீச் ஹோட்டல் திறந்தது. ஜப்பானின் போர் இழப்பீட்டுப் பணத்தில் கட்டிய 10 மாடி கான்கிரீட் கட்டடம். அதைப் பார்த்த பிறகு, தென்னை மரத்தை விட உயரமாக, அதாவது 15 மீட்டருக்கு மேல் யாரும் கட்டக் கூடாதுன்னு விதி வந்தது. அப்போ ஹோட்டல் கட்டணும்னா என்ன வழி? தாழ்வான கூரை, தனித்தனி மண்டபம், நடுவில் தோட்டம். நாம இன்னைக்கு பாலி ஸ்டைல்னு சொல்றது பெரும்பாலும் இந்தக் காலத்து ஹோட்டல்களில் உருவானது.

பின்னி ரோட்டுக்கு வந்த இலங்கைக்காரர்

இங்கதான் ஜெஃப்ரி பாவா வர்றார். 1919-ல் பிறந்தவர், கொழும்பு. முதலில் வக்கீல், 38 வயதில்தான் கட்டடக் கலைஞர். 1960களில் இலங்கையில் அந்நியச் செலாவணி நெருக்கடி. கண்ணாடி, இரும்பு இறக்குமதி செய்வது பெரும்பாடு. அதனால் கையில் கிடைத்த ஓடு, கருங்கல், மரம், சுண்ணாம்பு இவற்றை வைத்தே கட்ட வேண்டிய நிலை. இயற்கைப் பொருள் அவருக்கு ரசனையாக இருந்தது உண்மை. கூடவே தட்டுப்பாடும் அந்தப் பக்கம் தள்ளியது. கொழும்பில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய முற்றம் வைத்த வீடும், பெந்தோட்டை பீச் ஹோட்டலும் அந்தப் பத்தாண்டில் வந்தவை.

அவருடைய பார்ட்னர் பூலோகசுந்தரம்னு ஒரு தமிழ் இன்ஜினியர். பாவாவின் கற்பனை விழாமல் நின்றதில் அவர் கணக்குக்குப் பெரிய பங்கு. ஆனா பாவா பேர் தெரிஞ்ச அளவுக்கு அவர் பேர் நமக்குத் தெரியாது.

1970களின் தொடக்கத்தில் பாவா தமிழ்நாட்டில் வேலை பார்த்தார். மதுரையில் மதுரா கோட்ஸ் கம்பெனிக்காக ஒரு கிளப், உள்ளூர்க் கருங்கல்லில். மெட்ராஸில், பின்னி ரோட்டில் இருக்கும் கன்னிமரா ஹோட்டலின் புதுப்பிப்பு. ஏறக்குறைய அதே வருஷங்கள்ல பாலியின் சனூரில் பத்துஜிம்பார் என்ற இடத்தில் மண்டப வீடுகள் வடிவமைத்தார். அங்கே அவரை அழைத்தவர் டொனால்ட் ஃபிரெண்ட், ஆஸ்திரேலிய ஓவியர். அவர் சிறுவர்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியவர்னு பிற்காலத்தில் அச்சான அவருடைய டைரிகளே காட்டின. சொர்க்கத் தீவுக் கதையில் இதையும் சேர்த்தே சொல்லணும்.

ஆக கொழும்பு, மதுரை, மெட்ராஸ், சனூர் எல்லாம் ஒரே மேஜையில் விரிந்த வரைபடங்கள். பாலியில் பாவா செய்தது பாலியின் பழைய மண்டபத்தைக் கவனமாகப் படித்து, வெளியூர்க்காரர் வாழ்க்கைக்கு ஏத்த மாதிரி அடுக்கியது. அதைப் பார்த்து வந்தவை எத்தனையோ ரிசார்ட்டுகள்.

தூண், புல், துணி

பாலி வீட்டில் மண்டபத்துக்குப் பேர் 'பலே'. சுவர் குறைவு, தூண் அதிகம். அளவுகளை வீட்டுக்காரரின் உடம்பிலிருந்தே எடுப்பார்கள்: கை நீளம், பாத அளவு, விரல் அகலம். அந்த மரபுக்கு 'அஸ்த கோசல கோசாலி'ன்னு பேர். நம்ம மனையடி சாஸ்திரம் தெரிஞ்ச தாத்தா யாராவது இதைக் கேட்டா தலையாட்டுவார்.

கூரைக்கு 'அலங்-அலங்' புல். நம்மூர் சடங்குகள்ல தர்ப்பைன்னு பயன்படுத்துற புற்களில் இதே இனமும் ஒண்ணு. மயிலாப்பூர்ல அது விரலில் மோதிரம், உபுத்ல அது தலைக்கு மேல கூரை.

கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட 'போலெங்' துணியைப் பார்த்திருப்பீங்க. பாலியில் அதை ஒரு மரத்திலோ சிலையிலோ சுத்தியிருந்தா, இங்கே சக்தி இருக்கு, மரியாதையா இருன்னு அர்த்தம். அதை டேபிள் விரிப்பா போடுறது எப்படின்னா, நம்ம தெருமுனை வேப்ப மரத்துல கட்டின மஞ்சள் துணியை யாரோ வெளிநாட்டு ஹோட்டல்ல நாப்கினா மடிச்சு வைக்கிற மாதிரி. டிசைன் பண்றவங்க இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

நம்ம ஊர்ல கூரைன்னா என்ன?

இனிமேதான் கொஞ்சம் கஷ்டமான பகுதி. மெட்ராஸ்ல கூரை வீடுன்னா ஒரு காலத்துல பயம். கோடை வந்தா குடிசைப் பகுதிகள்ல தீ. 1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியது அந்தச் சூழலில்தான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளை அகற்றச் சொல்லி அரசு உத்தரவிட்டது. 2010-ல் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக மாற்ற ஒரு திட்டமே வந்தது.

ஏழைகள் விட்டு வெளியே வர ஆசைப்பட்ட அதே கூரை, இன்னைக்கு மொட்டை மாடியில ஸ்டைலா திரும்பி வந்திருக்கு. பல இடங்கள்ல அது புல்லே கிடையாது, பிளாஸ்டிக் இழை. அதை வேய ஒரு கைவினைஞர் தேவையில்லை. இது எனக்கு உறுத்துது. ஏன்னா 'இயற்கை'ங்கிற பேர்ல புல்லும் இல்லை, வேயுற ஆளுக்கு வேலையும் இல்லை.

சென்னையில் இயற்கைப் பொருளுக்குப் பஞ்சமா? கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை அரைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்கிய பூச்சை, 'மெட்ராஸ் சுன்னம்'னு வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதினார்கள். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளத்துக்கு 'மெட்ராஸ் டெரஸ்'னே பேர். ஆத்தங்குடிக் கல், பத்தமடைப் பாய், பனங்கை எல்லாம் ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கு.

பாலியைப் பார்த்து ரெஸ்டாரன்ட் கட்டாதீங்கன்னு நான் சொல்லலை. பாலியிலிருந்து எடுத்துக்க வேண்டியது அந்தப் பழக்கத்தை: பக்கத்துல கிடைக்கிற பொருள், வெயிலுக்கும் மழைக்கும் ஏத்த கூரை, வேலை தெரிஞ்ச உள்ளூர்க் கை. பாவா கன்னிமராவுக்கு வந்தப்போ அவர்கிட்ட இருந்ததும் அதுதான்.

உங்க ஏரியாவுல சுண்ணாம்புப் பூச்சு, ஓடு, கீற்று வேலை தெரிஞ்ச பெரியவங்க இருந்தா அவங்க சம்மதத்தோட எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல அவங்க குரலைக் கேட்கலாம்.