சூலகப் புற்றுநோயின் மூளைப் பரவலும் மரபணுக்களும்

சூலகப் புற்றுநோயின் மூளைப் பரவல் என்பது பெண்ணின் சூலகத்திலோ (சினைப்பை, கருவகம்) அதையொட்டிய கருக்குழாயிலோ தோன்றிய புற்று உயிரணுக்கள் மூளையை அடைந்து அங்கே புதிய கட்டிகளாக வளர்வதாகும். இதனை மூளைப் புற்றுநோய் என்று அழைப்பது பிழையாகும். மூளையில் வளரும் இக்கட்டியின் உயிரணுக்கள் மூளைக்கு உரியவை அல்ல. அவை தோன்றிய இடத்தின் மரபணு அடையாளத்தைத் தாங்கியே வருகின்றன. இப்பரவல் அரிதானது. பல மருத்துவமனைத் தொகுப்புகளில் சூலகப் புற்றுநோய் கொண்ட பெண்களுள் 1 முதல் 2 விழுக்காட்டினரிடமே இது கண்டறியப்பட்டுள்ளது. நோய் முதலில் கண்டறியப்பட்டு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே பெரும்பாலும் இது வெளிப்படுகிறது.

ஒரே நோய் ஒரு பெண்ணின் வயிற்றறைக்குள் மட்டும் பரவ, மற்றொரு பெண்ணின் மூளை வரை செல்வது ஏன் என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி. விடை தேடும் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஆகிய இரு மரபணுக்களிடம் வந்து சேர்கின்றன. அவை மூளைக்கு வழி திறந்துவிடுகின்றனவா, அல்லது நோயாளி நெடுநாள் வாழ்வதால் பரவலுக்குக் காலம் மட்டும் கிடைக்கிறதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

பரவும் வழிகள்

பெரும்பாலான புற்றுநோய்கள் குருதிக் குழாய்கள் வழியாகவோ நிணநீர்க் குழாய்கள் வழியாகவோ பரவுகின்றன. சூலகப் புற்றுநோய்க்கு இவற்றினும் எளிய வழி ஒன்றுண்டு. சூலகம் வயிற்றறைக்குள் திறந்த நிலையில் அமைந்திருப்பதால், கட்டியின் மேற்பரப்பிலிருந்து உதிரும் உயிரணுக்கள் நேராக வயிற்றறை நீர்மத்தில் கலந்து, குடலை மூடியிருக்கும் கொழுப்புப் படலமான வபையின் மீதும் பிற உறுப்புகளின் மேலுறைகளிலும் படிகின்றன. வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் மகோதரம் இந்நோயில் மிகுதியாகக் காணப்படுவது இதனாலேயே.

மூளைக்குச் செல்ல இவ்வழி உதவாது. புற்று உயிரணு சிரைக் குருதியில் நுழைந்து, இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, நுரையீரலின் நுண்குழாய் வலையைக் கடந்து, இதயத்தின் இடப்பக்கம் வழியாகத் தமனிக் குருதியில் சேர்ந்தால்தான் மூளையை எட்ட இயலும். குருதியில் நுழைவது மட்டுமே போதாது என்பதற்கு எதிர்பாராத ஒரு சான்று மருத்துவச் சிகிச்சையிலிருந்தே கிடைத்தது. மகோதரத்தால் துன்புற்ற நோயாளிகளின் வயிற்று நீரை ஒரு குழாய் மூலம் கழுத்துச் சிரைக்குள் திருப்பிவிடும் முறை முன்னர் கையாளப்பட்டது. இதனால் இலட்சக்கணக்கான புற்று உயிரணுக்கள் நாள்தோறும் குருதியில் கலந்தன. பிரித்தானியாவில் டேவிட் டாரின் குழுவினர் இத்தகைய 29 நோயாளிகளை ஆராய்ந்து 1984 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அஞ்சியபடி உடலெங்கும் கட்டிகள் முளைக்கவில்லை. சிலரிடம் புதிய கட்டிகள் எவையும் காணப்படவில்லை. வேறு சிலரிடம் வளராத நுண்ணிய படிவுகள் மட்டுமே இருந்தன.

விதை எங்கும் விழலாம், உகந்த மண்ணில்தான் முளைக்கும் என்னும் கருத்தை ஆங்கில அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889 இலேயே முன்வைத்திருந்தார். டாரின் குழுவின் முடிவுகள் அதற்கு மனித உடலிலிருந்தே கிடைத்த சான்றாக அமைந்தன. 2014 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள எம். டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தினர் செய்த சோதனையும் குறிப்பிடத்தக்கது. இரண்டு எலிகளின் குருதியோட்டம் ஒன்றாகும்படி அவற்றை ஒட்டுத்தையலிட்டு, ஒன்றின் சூலகத்தில் மட்டும் புற்று உயிரணுக்களைச் செலுத்தினர். மற்ற எலியிலும் கட்டிகள் தோன்றின. அவை முதன்மையாகத் தோன்றிய இடம் வபையே ஆகும். புற்று உயிரணுக்களின் மேற்பரப்பிலுள்ள இஆர்பிபி3 என்னும் ஏற்பியும், வபையில் மிகுந்திருக்கும் நியூரெகுலின் என்னும் புரதமும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துவதே இதற்குக் காரணமெனக் காட்டப்பட்டது. குருதியில் பயணித்த பின்னரும் வயிற்றறைக்கே திரும்பும் இயல்புடைய உயிரணுக்கள் மூளையில் வேரூன்ற வேண்டுமெனில், அவற்றிடம் வேறு ஏதோ மாறியிருக்க வேண்டும்.

நோயைத் தோற்றுவிக்கும் மரபணுக்கள்

சூலகப் புற்றுநோய் என்பது ஒரே நோய் அன்று. இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவதும் உயிரிழப்புகளில் பெரும்பங்கு வகிப்பதும் உயர்தர நீர்ச்சுரப்புப் புற்று ஆகும். மூளைக்குப் பரவுவதும் பெரும்பாலும் இவ்வகையே. பெயர் சூலகத்தைச் சுட்டினாலும், இவ்வகை பல வேளைகளில் கருக்குழாயின் விரல் போன்ற முனைகளில் தொடங்குவதாக இப்போது கருதப்படுகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் புற்று மரபணுத்தொகை வரைபடத் திட்டம் 2011 ஆம் ஆண்டில் இவ்வகைக் கட்டிகள் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டது. மரபணு வரிசை முழுமையாகப் படிக்கப்பட்ட 316 கட்டிகளுள் 96 விழுக்காட்டில் டிபி53 மரபணு பிறழ்ந்திருந்தது. இம்மரபணு ஆக்கும் புரதம், டி.என்.ஏ. பழுதுற்ற உயிரணு பிளவுறாமல் தடுத்து நிறுத்துவது. ஏறக்குறைய எல்லாக் கட்டிகளிலும் இது பழுதுற்றிருப்பதால், மூளைக்குச் செல்லும் கட்டியையும் செல்லாத கட்டியையும் பிரித்தறிய டிபி53 உதவுவதில்லை. அதே ஆய்வில் ஏறத்தாழ பாதிக் கட்டிகளில், டி.என்.ஏ.வின் இரு இழைகளும் முறியும்போது அவற்றைப் பிழையின்றி இணைக்கும் அமைப்பு குறைபட்டிருந்தது. பிஆர்சிஏ மரபணுக்களின் பணி இவ்வமைப்பைச் சார்ந்ததே.

பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2

மார்பகப் புற்றுநோய் மிகுந்த குடும்பங்களை ஆராய்ந்த மேரி-கிளேர் கிங், 1990 ஆம் ஆண்டில் அதற்குக் காரணமான மரபணு ஒன்று 17 ஆம் நிறப்புரியில் இருப்பதைக் காட்டினார். மார்க் ஸ்கோல்னிக் தலைமையிலான குழு 1994 இல் அம்மரபணுவைப் பிரித்தெடுத்தது. 13 ஆம் நிறப்புரியிலுள்ள பிஆர்சிஏ2 மரபணுவை மைக்கேல் ஸ்ட்ராட்டன் குழு 1995 இல் கண்டறிந்தது. இப்பெயர்கள் மார்பகப் புற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமாக இருப்பதால், சூலகத்தோடு இவற்றுக்குள்ள தொடர்பைப் பலர் அறியாமல் விட்டுவிடுகின்றனர். 2017 ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டு ஆய்வின்படி, 80 வயதுக்குள் சூலகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிறழ்ந்த பிஆர்சிஏ1 உடைய பெண்களுக்கு 44 விழுக்காடு, பிறழ்ந்த பிஆர்சிஏ2 உடையோருக்கு 17 விழுக்காடு. பொதுவாகப் பெண்களுக்கு வாழ்நாளில் இவ்வாய்ப்பு ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டும்.

ஒரு சிறு பிறழ்வு எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு 185டெல்ஏஜி என்னும் பிறழ்வு நல்ல எடுத்துக்காட்டு. டி.என்.ஏ.வின் எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்பட்டு, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு அமினோ அமிலம் சேர்க்கப்படுகிறது. பிஆர்சிஏ1 மரபணுவின் தொடக்கத்தில் அடினின், குவானின் ஆகிய இரண்டு எழுத்துகள் விடுபட்டால், அதன் பின்னுள்ள அனைத்தும் பிறழ்ந்து படிக்கப்படும். கணினிக் கோப்பின் தொடக்கத்தில் இரண்டு பைட்டுகள் அழிந்தால் எஞ்சிய பகுதி முழுவதும் பொருளற்றுப் போவதை இதனோடு ஒப்பிடலாம். 1,863 அமினோ அமிலங்கள் கொண்டதாக அமைய வேண்டிய புரதம், 39 ஆம் இடத்தில் தோன்றும் நிறுத்தக் குறியால் முறிந்துவிடுகிறது. இப்பிறழ்வு கிழக்கு ஐரோப்பிய மரபினரான அசுகெனாசி யூதர்களிடம் மிகுதியாகக் காணப்படுவதால் முதலில் அவர்களுக்கே உரியதெனக் கருதப்பட்டது. ஆயினும் தென்னிந்தியப் பெண்களிடையே நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வொன்றிலும் இதே பிறழ்வு அடிக்கடி காணப்பட்டது. இந்தியக் குடும்பம் ஒன்றில் இப்பிறழ்வு யூதர்களிடமிருந்து வராமல் தனியே தோன்றியிருப்பதற்கான சான்றும் 2007 இல் வெளியானது.

பிஆர்சிஏ பிறழ்வும் மூளைப் பரவலும்

பிஆர்சிஏ1 பிறழ்வுடன் தொடர்புடைய சூலகப் புற்றுநோய் மூளைக்குப் பரவுவது கூடுதலாக இருப்பதாகச் சப்பானிய மருத்துவர்கள் 2013 இல் அறிவித்தனர். வியன்னா ஆய்வாளர்கள் மூளையிலிருந்து அறுவை மூலம் எடுக்கப்பட்ட சூலகப் புற்றுக் கட்டிகளின் மரபணுக்களைப் படித்து, அவற்றில் பிஆர்சிஏ பிறழ்வுகள் வழக்கத்தினும் மிகுதியாக இருப்பதை 2017 இல் வெளியிட்டனர். ஆனால் அவர்கள் ஆராய்ந்த கட்டிகளின் எண்ணிக்கை மிகச் சிறியது. 2019 இல் ஐக்கிய அமெரிக்காவிலிருந்து வெளியான, இவற்றைவிடப் பெரிய ஆய்வும் பிஆர்சிஏ பிறழ்வு உடையோருக்கு மூளைப் பரவல் இடர் கூடுதல் என்றே கூறியது.

தொடர்பு இருப்பது ஒன்று. அதற்கான காரணம் மற்றொன்று. இதற்குக் குறைந்தது மூன்று விளக்கங்கள் உள்ளன.

முதலாவது, காலம். பழுதுநீக்கும் அமைப்பு இல்லாத புற்று உயிரணுக்கள், டி.என்.ஏ.வைச் சிதைக்கும் சிசுபிளாட்டின், கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டின மருந்துகளுக்கு எளிதில் மடிகின்றன. எனவே பிஆர்சிஏ பிறழ்வு உடைய பெண்கள் நோய் கண்டறியப்பட்ட பின் முதற்சில ஆண்டுகளில் மற்றவர்களைவிடக் கூடுதலாக உயிர்வாழ்கின்றனர். மூளைப் பரவல் தாமதித்துத் தோன்றுவது. அதுவரை வாழ்ந்தோரிடமே அதனைக் காண இயலும். 1978 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சிசுபிளாட்டின் பரவலான பயன்பாட்டுக்கு வந்த பின்னர், சூலகப் புற்றுநோயில் மூளைப் பரவல் முன்னைவிட அடிக்கடி அறியப்பட்டதும் இவ்விளக்கத்தோடு ஒத்துப்போகிறது.

இரண்டாவது, மூளையே இவ்வுயிரணுக்களுக்குப் புகலிடமாக அமைவது. இரத்தக் குழாய்ச் சுவரின் உயிரணுக்கள் இடைவெளியின்றி நெருங்கி அமைந்து ஆக்கும் குருதி-மூளைத் தடுப்பு, பல மருந்துகளை உள்ளே விடுவதில்லை. வயிற்றறையிலுள்ள கட்டிகள் மருந்தால் அழியும்போதும், முன்னரே மூளையில் ஒளிந்துகொண்ட சில உயிரணுக்கள் தப்பிவிடுகின்றன. இவ்விளக்கத்தின்படி பிறழ்வு மூளைக்கு வழிகாட்டவில்லை. மற்ற இடங்களில் மருந்து நன்கு வேலை செய்வதால் மூளை தனித்துத் தெரிகிறது.

மூன்றாவது, பிறழ்வே பரவலைத் தூண்டுவது. பழுதுநீக்கம் இல்லாத உயிரணுவில் நிறப்புரிகள் உடைந்து தாறுமாறாக இணைவதால் புதிய பண்புகள் விரைவாகத் தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்று மூளைச் சூழலுக்கு உகந்ததாக அமையலாம். பிஆர்சிஏ1 பிறழ்வுடன் வரும் மார்பகப் புற்றுநோயில் பெரும்பங்கு, மூளைக்குப் பரவும் இயல்பு மிகுந்த முந்நிலை எதிர்மறை வகையைச் சேர்ந்தது என்பதை இவ்விளக்கத்திற்கு ஆதரவாகக் கூறுவர். எனினும் அது வேறு உறுப்பின் நோய். அதன் முடிவை அப்படியே சூலகத்திற்குப் பொருத்துவது தகாது.

இவற்றைப் பிரித்தறிய, ஒரே அளவு காலம் வாழ்ந்த, ஒரே வகை மருந்து பெற்ற இரு குழுவினரை ஒப்பிட வேண்டும். நோய் அரிதாக இருப்பதால் அத்தகைய எண்ணிக்கையைத் திரட்டுவது கடினம். மேலும் ஒரு சிக்கல் உண்டு. பிறழ்ந்த பிஆர்சிஏ உடைய பெண்ணுக்கு மார்பகம், சூலகம் இரண்டிலும் புற்று வரக்கூடும். மூளையில் காணப்படும் கட்டி எதிலிருந்து வந்தது என்பதை இழைய ஆய்வு மூலமே உறுதி செய்ய இயலும். பிஏஎக்ஸ்8 புரதம் காணப்பட்டால் சூலகத்தையும், ஜிஏடிஏ3 காணப்பட்டால் மார்பகத்தையும் நோயியலாளர்கள் முதலில் ஐயுறுவர்.

தடுப்பைக் கடத்தலும் மருந்தை வெளியேற்றலும்

குருதி-மூளைத் தடுப்பின் உயிரணுக்கள், உள்ளே வரும் அயற்பொருள்களை மீண்டும் குருதிக்குள் தள்ளிவிடும் எக்கி போன்ற பி-கிளைக்கோபுரதத்தைக் கொண்டுள்ளன. எம்டிஆர்1 என்னும் மரபணு இதனை ஆக்குகிறது. 1976 இல் மருந்துக்கு மசியாத உயிரணுக்களில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதும் இப்புரதமே. அதாவது புற்று உயிரணு மருந்திலிருந்து தப்பப் பயன்படுத்தும் கருவியும், மூளை தன்னைக் காத்துக்கொள்ளும் கருவியும் ஒன்றே. சூலகப் புற்றுக் கட்டிகளில் எம்டிஆர்1 வெளிப்பாட்டிற்கும் பின்னாளைய மூளைப் பரவலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த கட்டுரை 2011 இல் வெளியானது.

தடுப்பைக் கடக்க உதவும் மரபணுக்கள் பற்றிய அறிவில் பெரும்பகுதி மார்பக, நுரையீரல் புற்றுநோய்களிலிருந்தே கிடைத்துள்ளது. மூளைத் திசு, ஊடுருவும் புற்று உயிரணுக்களைப் பிளாசுமின் என்னும் நொதியின் துணையால் கொல்ல முயல்வதையும், பரவும் உயிரணுக்கள் செர்பின் வகைப் புரதங்களைச் சுரந்து அதனை முடக்குவதையும் நியூயார்க் ஆய்வாளர்கள் 2014 இல் காட்டினர்.

முதற்கட்டியும் மூளைக்கட்டியும்

மூளையை அடைந்த கட்டி, தான் புறப்பட்ட கட்டியின் படியாகவே நீடிப்பதில்லை. பல்வேறு புற்றுநோய்களைச் சேர்ந்த 86 நோயாளிகளின் முதற்கட்டிகளையும் மூளைக்கட்டிகளையும் ஒப்பிட்டு 2015 இல் வெளியான ஆய்வில், 53 விழுக்காட்டினரின் மூளைக்கட்டியில், முதற்கட்டியில் இல்லாததும் மருந்துத் தேர்வுக்குப் பயன்படக்கூடியதுமான பிறழ்வுகள் காணப்பட்டன.

பிஆர்சிஏ மரபணுவே மீண்டும் சீராவதும் உண்டு. இரண்டு எழுத்துகள் விடுபட்ட மரபணுவில் அருகிலேயே மேலும் ஓர் எழுத்து விடுபட்டால், இழப்பு மூன்றாகி, எஞ்சிய பகுதி மீண்டும் சரியாகப் படிக்கப்படும். இத்தகைய மீள்பிறழ்வுகள் 2008 இல் பிஆர்சிஏ2 மரபணுவில் கண்டறியப்பட்டன. மருந்துக்கு மடிந்துகொண்டிருந்த கட்டி திடீரென மசியாமல் போவதற்கு இது ஒரு காரணமாகும்.

மருத்துவத்தில் பயன்பாடு

மூளையிலுள்ள கட்டிகள் சிலவே எனில் அறுவை மூலம் அகற்றியோ, அவற்றின் மீது மட்டும் குவியும் கதிர்வீச்சு செலுத்தியோ சிகிச்சை அளிக்கப்படுகிறது. பல கட்டிகள் இருப்பின் மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு தரப்படலாம்.

மரபணுவின் அடிப்படையில் அமைந்த மருந்துகள் பார்ப் தடுப்பிகள் ஆகும். டி.என்.ஏ.வின் ஒற்றை இழை முறிவுகளைச் சீராக்கும் பார்ப் நொதியை இவை முடக்குகின்றன. பிஆர்சிஏ செயற்படாத உயிரணுவில் இரண்டாவது பழுதுநீக்கும் வழியும் இவ்வாறு அடைபடுவதால் அது மடிகிறது. இக்கருத்து 2005 இல் இரு ஆய்வுக் குழுக்களால் நிறுவப்பட்டது. ஒலாபரிப் 2014 இல் ஐரோப்பாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. ஆனால் ஒலாபரிப்பைப் பி-கிளைக்கோபுரதம் வெளியே தள்ளுகிறது. விலங்குச் சோதனைகளில் நிராபரிப் மூளைக்குள் கூடுதலாக நுழைந்தது. மூளைக்குப் பரவிய நோய் பார்ப் தடுப்பிகளால் கட்டுப்பட்டதாகத் தனிப்பட்ட நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகள் உள்ளன. வளர்ந்த கட்டியைச் சுற்றித் தடுப்பு ஓரளவு சிதைந்திருப்பது இதற்கு உதவியிருக்கலாம்.

பிஆர்சிஏ பிறழ்வு உடைய சூலகப் புற்று நோயாளிகள் அனைவருக்கும் அறிகுறி ஏதுமின்றி மூளைப் படம் எடுப்பது வழக்கமில்லை. இடர் கூடுதல் எனினும் மொத்த எண்ணிக்கை குறைவு என்பதே இதற்குக் காரணம். ஆனால் இத்தகைய நோயாளிக்குத் தொடர் தலைவலி, வாந்தி, நடை தடுமாற்றம், பேச்சுக் குழறல், வலிப்பு ஆகியவற்றுள் ஏதேனும் புதிதாகத் தோன்றினால், வயிற்று நோய் கட்டுக்குள் இருப்பதாகத் தெரிந்தாலும் மூளையைக் காந்த ஒத்ததிர்வுப் படத்தால் ஆராய்வது இன்றியமையாதது. குருதியில் சிஏ-125 அளவு உயராமல் இருப்பது மட்டும் மூளைப் பரவல் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

பிறழ்வு மரபுவழி வந்ததெனில் அது நோயாளியோடு நிற்பதில்லை. அவருடைய மகள், மகன், உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் அதே பிறழ்வு இருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு. ஆண்களும் அதனைத் தம் பிள்ளைகளுக்குக் கடத்துவர் என்பதால், தந்தை வழிக் குடும்ப வரலாற்றையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.